வாரத்துக்கு ஆயிரத்து நானூறு

ஜூன் 3, செவ்வாய்

அண்ணனின் பெயிண்ட் கடை வண்டி இன்றும் வாசலில் வந்து நின்றது. அரிசி மூட்டை, எண்ணெய் டின், பருப்பு, சர்க்கரை, யாரும் தொடாத ஒரு சோயா பாக்கெட். இரண்டு வருஷமாக ஒவ்வொரு மூன்றாம் தேதியும் இதுதான். பிள்ளைகளின் அப்பா வேலை என்று வெளியூர் போய் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்ட மாதத்திலிருந்து ஒரு தடவைகூட அண்ணன் தவறவில்லை.

எப்போதும் இறக்கிவிட்டுப் போய்விடுவார். இன்று உட்கார்ந்தார். வீட்டு ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறதாம். புதுப்பிக்க வேண்டாம் என்றார். "எங்க வீட்டு மாடி ரூம் சும்மாத்தானே கெடக்கு. எதுக்கும்மா ரெண்டு அடுப்பு? வேலையையும் விட்டுட்டு பிள்ளைங்களைப் பாத்துக்க."

என்னால் முடியும் என்றேன். மூட்டையை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

அந்தப் பார்வைதான் வினை. "சாமானைத் திருப்பி எடுத்துட்டுப் போங்கண்ணா. இனிமே நானே வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அண்ணன் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, அது இருந்தால் பரவாயில்லை. "சரி. எட்டாந்தேதியிலேருந்து ஆறு வாரம். ஜூலை இருபது வந்து கணக்கைப் பாக்கறேன். முடியலன்னா பிடிவாதம் பிடிக்காம வந்துடணும்."

சரி என்றேன். மூட்டை வண்டி ஏறியது. சோயா பாக்கெட்டை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

தங்கமான மனுஷன். சண்டை போடக்கூட இடம் கொடுக்காத மனுஷன்.

ஜூன் 4, புதன்

வேலை செய்யும் எடை மேடையில் லாரி இல்லாத நேரத்தில் கணக்குப் போட்டேன். சம்பளம் இருபத்தோராயிரத்து ஐந்நூறு. வாடகை, பள்ளிக்கூடம், வேன், மின்சாரம், கேஸ், என் பஸ், போன், பெரியவளின் டியூஷன் எல்லாம் போக மிச்சம் ஆறாயிரத்து எழுநூறு. மருந்துக்கு ஐந்நூறைத் தொடாமல் வைத்தால் ஆறாயிரத்து இருநூறு.

நான்கால் வகுத்தேன். ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது. அடடா, தாராளம் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. மாதத்துக்கு நாலு வாரம் என்று வைத்தால் வருஷத்துக்கு நாற்பத்தெட்டு வாரம்தான் வரும். மிச்ச நாலு வாரம் யார் சோறு போடுவது? திரும்ப வருஷக் கணக்காகப் போட்டேன். வாரத்துக்கு ஆயிரத்து நானூற்று முப்பது. முப்பதைத் தள்ளி ஆயிரத்து நானூறு என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அண்ணன் எங்களுக்குச் செலவழித்தது வாரம் இரண்டாயிரத்துக்கு மேல். அதைவிட அறுநூறு குறைவாக நடத்திக் காட்டுவேன் என்று ஒரு திமிர். ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 7, சனி

முதலாளியிடம் மூலையில் கிடந்த பழைய பார்சல் தராசைக் கேட்டு வாங்கிவந்தேன். "வீட்லயும் எடை மேடையா?" என்றார். ஆமாம் என்றேன்.

பதினோரு வருஷமாக நான் செய்வது ஒரே வேலைதான். லாரி காலியாக வரும்போது ஒரு எடை, லோடோடு போகும்போது ஒரு எடை. அதைக் கழித்தால் இது. டிரைவர் என்ன கதை சொன்னாலும் நான் பார்ப்பது திரையில் இருக்கும் நம்பரை மட்டும். அடுப்படிக்கும் அதே முறைதான். எல்லா டின்னையும் காலி செய்து வெறும் எடை போட்டு, அடியில் மார்க்கரால் எழுதிவிட்டோம். பெரியவள் எழுதினாள். பன்னிரண்டு வயதில் என்னைவிட நல்ல கையெழுத்து. ஆறு வயது வாலு தானே தராசில் ஏறி நின்று தன் வெறும் எடையையும் எழுதச் சொன்னான். உள்ளங்காலில் எழுதினோம்.

ஜூன் 8, ஞாயிறு

முதல் வாரச் சாமான். அரிசி, பருப்பு, மாவு, எண்ணெய், முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம், ரொட்டி. கையில் இருப்பதைத் தாண்டக் கூடாது என்று ஆயிரத்து நானூறை மட்டும் கவரில் போட்டு எடுத்துப்போனேன்.

கடையில் பெரியவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் ஒரு கிலோ பருப்பு பாக்கெட்டை எடுத்திருந்தேன். "அம்மா, அது நூத்தி இருபத்தொம்பது. அரைக்கிலோ அறுபத்திரண்டு. ரெண்டு சின்னதே வாங்கலாம்." பெரிய பாக்கெட்தான் மலிவு என்று நான் இத்தனை வருஷமாகப் பார்க்காமலே எடுத்து வந்திருக்கிறேன். எடை போட்டுச் சம்பாதிக்கிறவள் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. மளிகைக்காரர் பெரியவளைப் பார்த்து, "பாப்பா, நீ நாளைக்கு வராதே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மிச்சம் நாற்பத்தொன்று.

ஜூன் 14, சனி

வாரம் முடிந்தது. டின்கள் எதுவும் காலியாகவில்லை. அரிசி இறங்கியது இரண்டு கிலோ சொச்சம்தான். நான் பயந்ததைவிட எவ்வளவோ குறைவு.

ஜூன் 17, செவ்வாய்

பிஸ்கட் வாரத்துக்கு ஒரு பாக்கெட் என்றால் பட்டினி கிடப்பேன் என்று வாலு அறிவித்தான். கிடந்தான், இருபது நிமிஷம்.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டாம் வாரமும் ஆயிரத்து நானூறுக்குள். அரிசி மறுபடியும் இரண்டு கிலோதான்.

அண்ணியைப் பற்றியும் எழுத வேண்டும், எழுதவே இல்லை. பள்ளி வேன் மூன்றே முக்காலுக்குப் பிள்ளைகளை இறக்கிவிடும். நான் வர ஆறாகிவிடும். அதுவரை அண்ணிதான் வந்து இருக்கிறார், திங்கள் முதல் வெள்ளி வரை, மூன்று தெரு தள்ளி நடந்து. அவருடைய ஒரே பையன் காலேஜ் ஹாஸ்டலில். துணிப் பையில் தையல் வேலை எடுத்து வருவார். நான் வந்ததும் நாலு வார்த்தை பேசுவார், கிளம்பிவிடுவார். நல்லவர்தான். ஆனால் மாடி அறைப் பேச்சு எடுத்தபோதெல்லாம் ஒரு தடவைகூட "வா" என்று சொன்னதில்லை. அண்ணன்தான் கூப்பிடுகிறார். அண்ணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார். நாங்கள் பாரம் என்று நினைக்கிறாரோ?

நினைத்தால் தப்பில்லை. யார் வீட்டில் யார் இடிபடுவது?

ஜூன் 29, ஞாயிறு

மூன்று வாரம்! அண்ணன் போன் செய்தார். விடவில்லை நான். கிலோ, கிராம், கையில் மிச்சம் எழுபத்து மூன்று என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "பரவாயில்லயே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் என்று தோன்றியது. வீட்டுக்காரரிடம் புதுப்பிக்கலாம் என்று நானே சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

வேலை இடத்திலும் டிரைவர்களிடம் பீற்றிக்கொண்டேன். இங்கே ஒளிக்க என்ன இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

பீற்றியதற்குக் கூலி கிடைத்தது. கொடுத்தது பெரியவள்.

டியூஷன் வீட்டுப்பாடத்துக்காக எங்கள் அரிசி டம்ளரை எடை போட்டிருக்கிறாள். ஒரு டம்ளர் நூற்றைம்பது கிராம். "நாம தினம் மூணு டம்ளர் போடறோம். ஏழு நாளைக்கு மூவாயிரத்து நூத்தம்பது கிராம். ஆனா டின் ரெண்டாயிரம்தான் கொறையுது. அம்மா, மிச்சம் ஆயிரத்து நூத்தம்பது எங்க போச்சு?"

"போகலடி" என்றேன். "வந்திருக்கு."

என் வாயிலிருந்து வந்தபின்தான் எனக்கே விளங்கியது. மூன்று வாரமாக இறங்கியதை மட்டும் பார்த்தேனே தவிர, சமைத்தது எவ்வளவு என்று ஒரு நாள் அளந்ததில்லை. என் எடை மேடையில் ஒரு லாரி இப்படிக் கணக்குக் காட்டினால் கேட்டைத் தாண்ட விடுவேனா? நல்ல நம்பர் வந்ததும் வாயைப் பிளந்துவிட்டேன். பிள்ளை ஒரு டம்ளரை வைத்துக் கண்டுபிடிக்கிறாள்.

டம்ளரைக் குவிக்காமல் மட்டமாக அளந்தாயா என்று கேட்டேன். "ஸ்கேல் வச்சு வழிச்சேன்" என்றாள். இதற்கு மேல் என்ன கேட்பது?

ஜூலை 2, புதன்

காலையில் சமைத்து முடித்த பிறகு அரிசி டின்: 4,385. மாலையில் வந்து கைகூடக் கழுவாமல் வைத்துப் பார்த்தேன்: 4,615.

காலையில் போன லாரி சாயங்காலம் இருநூற்று முப்பது கிராம் அதிகமாக நிற்கிறது. பருப்பில் ஐம்பது கூடுதல். மாவிலும்.

இடையில் இந்த வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு ஆள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அண்ணன்தான் அனுப்பியிருக்கிறார், வேறு யார்? முன்வாசலில் மூட்டை வேண்டாம் என்றேன், பின்வாசலால் பிடி பிடியாக அனுப்புகிறார். "பரவாயில்லயே" என்றாரே, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாரா? நான் என்ன குழந்தையா, சும்மா ஜெயிக்க விட்டு வேடிக்கை பார்க்க? நாளை அரை நாள் லீவு.

ஜூலை 3, வியாழன்

மூன்று மணிக்கே வந்து சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேன் சத்தம் கேட்டது. அண்ணி பிள்ளைகளைக் கைகால் கழுவ அனுப்பிவிட்டு நேராக உள்ளே வந்தார். துணிப் பைக்குள் கையை விட்டார். என்னைப் பார்த்தார். கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"எடுங்க அண்ணி. எவ்வளவுன்னு பாக்கலாம்" என்றேன்.

ஒரு சின்ன டப்பா. மேலே தையல் துணி, அடியில் அரிசி. "ரெண்டு கைதானே. ரெண்டு கை அரிசி யாருக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

யாருக்குத் தெரியும்! பதினோரு வருஷமாக எடை போடுகிற ஒருத்தியின் டின்னில் போட்டுவிட்டுக் கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டைக்கு உட்கார்ந்தவள் சிரித்தால் அப்புறம் சண்டை எங்கே?

"அண்ணா அனுப்பினாரா?"

"அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். தெரியாது." பிறகு டப்பாவை மேடைமேல் வைத்துவிட்டு, "நீ ஜெயிக்கணும்னு நான்தான் போட்டேன்."

அப்போது அந்தக் கேள்வி வாயில் வந்துவிட்டது. இரண்டு வருஷமாக வயிற்றில் வைத்திருந்தது. "நான் உங்க வீட்டுக்கு வர்றது உங்களுக்கு இஷ்டமில்லையா? அதுக்காகப் போட்டீங்களா, இல்ல எனக்காகவா?"

"ரெண்டும்தான்" என்றார் அண்ணி.

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. பூசி மெழுகுவார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"உங்கண்ணன் மேல ஒரு குத்தம் சொல்ல முடியாது. எனக்கு ஊசி வேணும்னா ஊசி வாங்கித் தருவார். நூல் வேணும்னா நூல். கேக்கறதுக்கு முன்னாடி சோப்பு வந்துடும். ஆனா பத்தொம்போது வருஷத்துல, இந்தா இதை வச்சு நீ வாங்கிக்கன்னு என் கையில ஒரு நோட்டு வந்ததில்ல. வேலைய விட்டுட்டு நீ மேல வந்து உக்காந்தா உனக்கும் சோப்பு வந்துடும். உனக்கு அந்த நெலம வர்றது எனக்கு வேணாம்." நிறுத்திவிட்டு, "அப்புறம் ஒரே அடுப்படியில நீ தராசை வச்சுக்கிட்டு நிக்கறதை என்னால தாங்கவும் முடியாது" என்றார்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டு பேசாமல் இருந்த அண்ணி. அந்த மௌனத்தை நான் என்னவென்று படித்து வைத்திருந்தேன்! தினமும் மூன்று தெரு நடந்து, தன் வீட்டு அரிசியையே திருடி, என் வீட்டில் ஒளித்து வைத்த பெண். எழுந்து காலில் விழலாம் போல இருந்தது. விழவில்லை, டீ போட்டேன்.

இனி போட வேண்டாம் என்றேன்.

"நிறுத்தினா தோத்துடுவே."

"தோத்தாலும் சரி. எனக்குச் சரியான எடை வேணும் அண்ணி. ஏழாவது வாரம் நீங்க ஊர்ல இல்லன்னா எனக்கு என்ன ஆகும்?"

யோசித்தார். "சரி. ஆனா பிள்ளைங்களுக்குப் பால் கொண்டு வருவேன். அதை எடை போடாதே."

ஒப்புக்கொண்டேன்.

ஜூலை 5, சனி

நோட்டில் நான்கு வாரப் பக்கங்களையும் குறுக்கே அடித்தேன். வேலை இடத்தில் தப்பான எடைச் சீட்டை ரத்து செய்தால் கிழிக்கக் கூடாது, அடித்துவிட்டு வைக்க வேண்டும். அப்படியே செய்தேன். கை கூசியது.

ஜூலை 11, வெள்ளி

ஆயிரத்து நானூறு நேற்றோடு தீர்ந்தது. அரிசி டின்னில் கரண்டி தட்டுகிறது. முட்டை இல்லை, எண்ணெய் அடியில். மருந்துக் காசில் கை வைத்தேன். மொத்தம் ஆயிரத்து அறுநூற்றுப் பத்து ஆகிவிட்டது.

இருநூற்றுப் பத்து. அவ்வளவுதான் என் திமிரின் நிகர எடை. அண்ணி ஒரு மாதமாக அதைத் தன் தையல் துணிக்கு அடியில் வைத்துத் தூக்கிவந்திருக்கிறார்.

மாடி அறை ஞாபகம் வந்தது. ஜன்னல் பெரிசு. வெயில் வரும். மோசமான அறை இல்லை. பிள்ளைகள் ஓடலாம். நான் காலையில் எழுந்து எங்கே போவேன்? யாருடைய லாரியை எடை போடுவேன்? அழுதேன், எழுதுவதற்கு என்ன.

ஜூலை 12, சனி

பெரியவள் நோட்டைப் பார்த்துவிட்டாள். ஒளிக்கவில்லை நானும். மாடி அறை, ஜூலை இருபது, எல்லாம் சொன்னேன். பெரிய மனுஷி மாதிரி தாடையில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"டியூஷன் மாசம் ஆயிரம். இந்த மாசத்துக்கு இன்னும் கட்டலை இல்ல?"

வேண்டாம் என்று அவள் முடிப்பதற்குள் சொன்னேன். உன் படிப்பை எடுத்துச் சோற்றில் போட மாட்டேன்.

"படிப்பை யார் விடறா? அங்க சார் போர்டுல போட்டதை எழுதிக்கறோம். எங்க போச்சுன்னு யாருமே கேக்கறதில்ல. நீ கேக்கறே. நீயே சொல்லிக் குடு."

"நான் பன்னெண்டாவதுதாண்டி படிச்சிருக்கேன்."

"நான் ஏழாவதுதானே படிக்கறேன்?"

அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் என்று ஒப்பந்தம். மதிப்பெண் இறங்கினால் திரும்ப டியூஷன், வேறு எதை வெட்டுவது என்று அப்போது பார்ப்போம். ஆயிரத்தை வாரத்துக்குப் பிரித்தால் இருநூற்று முப்பது. புது நம்பர்: ஆயிரத்து அறுநூற்று முப்பது. எழுதினேன். இந்த முறை ஒரு கோடுதான் போட்டேன்.

இவளை நான்தான் பெற்றேனா?

ஜூலை 16, புதன்

சதவிகிதம் நடத்தினேன். வெங்காயத்தில் தோல் எத்தனை சதவிகிதம் என்று உரித்து எடை போட்டோம். கண்ணீரோடு விடை வந்தது.

ஜூலை 19, சனி

ஆறாம் வாரம் முடிந்தது. அரிசி இறங்கியது 3,160. டம்ளர் கணக்கோடு பத்து கிராம் வித்தியாசம், சிந்தியிருக்கும். அண்ணியின் பையைப் பெரியவள் தினமும் சோதனை போட்டாளாம், அண்ணியே சொல்லிச் சிரித்தார். கையில் மிச்சம் பதினெட்டு.

ஆறு வாரத்தில் ஒரே ஒரு வாரம் சரி. நாளைக்கு இதை வைத்துக்கொண்டு என்ன பேசப் போகிறேன்? பேசாமல் முதல் நாலு வாரத்தைக் காட்டிவிடலாம். அண்ணனுக்கு எப்படித் தெரியும்? அண்ணியும் வாய் திறக்க மாட்டார்.

காட்டலாம். காட்டினால் அந்த நோட்டை அப்புறம் நான் எப்படித் தொடுவேன்?

ஜூலை 20, ஞாயிறு

இருவரும் வந்தார்கள். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தார். முதல் நாலு பக்கத்தில் குறுக்குக் கோடு. நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த நாலு வாரம் தப்பு எடைண்ணா. டின்ல வெளியிலேருந்து சாமான் விழுந்திருக்கு. எனக்குத் தெரியாம. அஞ்சாவது வாரம் தோத்துட்டேன். இருநூத்திப் பத்து மேல போச்சு. ஆறாவதுதான் சரி. நான் சொன்ன ஆயிரத்து நானூறுல இந்த வீடு ஓடாது. ஆயிரத்து அறுநூத்து முப்பதுல ஓடும். இன்னும் நாலு வாரம் குடுத்தா காட்டறேன்." மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை மூச்சு விடாமல் சொன்னேன்.

"சாமான் போட்டது யாரு?"

நான் சொல்லவில்லை. பெரியவள் தரையைப் பார்த்தாள். வாலுவின் வாயைத்தான் பயந்தேன், நல்ல வேளை வாயில் பிஸ்கட் இருந்தது.

"நான்தான்" என்றார் அண்ணி.

அண்ணன் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் ஒன்றும் புரியாத ஒரு பார்வை. "நம்ம வீட்டு அரிசியா? என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேனே?"

"அதான்" என்றார் அண்ணி. குரல் உயரவே இல்லை. "நீங்க குடுத்திருப்பீங்க. நான் குடுக்கணும்னு நெனச்சேன். பத்தொம்போது வருஷமா சமைக்கற அரிசியில ரெண்டு கை எடுக்க நான் ஒளிய வேண்டியிருக்கு. அது ஏன்னு யோசிங்க."

என் அண்ணனை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தது இன்றுதான். பாவமாகவும் இருந்தது. யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன், எல்லோருக்கும் எல்லாவற்றையும் தானே தூக்கித் தூக்கித் தோள் தேய்ந்த மனுஷன்.

நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே என் கையை ஒரு தடவை அழுத்தினார். அவர் கை சூடாக, திடமாக இருந்தது.

ஜூலை 21, திங்கள்

அண்ணனிடமிருந்து போன் இல்லை.

ஜூலை 23, புதன்

அண்ணன் வேலை இடத்துக்கே வந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே லாரிக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறார், டிரைவர் மாதிரி. உள்ளே கூப்பிட்டேன்.

"வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன்."

கையிலிருந்த சீட்டை மேஜைமேல் வைத்தேன்.

"இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதச் சொல்லிட்டேன். உன் பேர்லயே. நீ போய்க் கையெழுத்துப் போடு." நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். "தப்பான நாலு பக்கத்தை நீ கிழிச்சிருக்கலாம். ஏன் கிழிக்கல?"

"சீட்டைக் கிழிக்கக் கூடாதுண்ணா. ரத்து பண்ணி வைக்கணும். ரூல்."

தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு லாரி வந்தது. அண்ணன் ஓரமாக நின்று, நான் எடை போடுவதை முழுக்கப் பார்த்துவிட்டுப் போனார். பதினோரு வருஷத்தில் அவர் இங்கே வந்தது முதல் தடவை.

ஆகஸ்ட் 2, சனி

எட்டாம் வாரம். மிச்சம் ஒன்பது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

அண்ணன் போனில் கேட்டார். "எங்க வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு எவ்வளவு ஆகும்னு உங்கண்ணி கேக்கறா. எனக்குச் சொல்லத் தெரியல. மொத்தமாவே வாங்கிப் பழகிட்டேன். நீ ஞாயித்துக்கிழமை அந்தத் தராசை எடுத்துட்டு வர்றியா?"

குரலில் ஒரு கூச்சம். வரேன் என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அண்ணி சமையலறை மேடையைக் காலி செய்து எல்லா டின்னையும் வரிசையாக வைத்திருந்தார். வாலு மாடி அறையில் குதித்துக்கொண்டிருந்தான். அண்ணியும் நானும் எடை போட்டோம், பெரியவள் நம்பரைச் சொன்னாள், அண்ணன் ஒரு புது நோட்டில் எழுதினார். அவருக்குக் கழிக்க வரவில்லை. பெரியவள் இரண்டு தடவை திருத்தினாள். "மாமா, வெறும் எடையை மேல எழுதக் கூடாது, கீழ எழுதணும்." சரி சரி என்று அடித்துவிட்டு எழுதினார்.

மூன்று பெண்களும் கடை விலையை வைத்துக் கூட்டி ஒரு தொகைக்கு வந்தோம். ஆயிரத்து முந்நூறு. அதில் சோப்பும் இருந்தது, ஊசி நூலும் இருந்தது. அண்ணன் நோட்டைப் பார்த்தார். பர்ஸை எடுத்தார். பழக்கத்தில் பணத்தை மேடைமேல் வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, அண்ணியின் கையில் கொடுத்தார்.

அண்ணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். எங்கள் எல்லோர் எதிரிலும் நிதானமாக, ஒவ்வொரு நோட்டாக எண்ணினார். இன்னொரு தடவையும் எண்ணினார்.

"நூறு குறையுது" என்றார்.

அண்ணன் பர்ஸை மறுபடியும் திறந்தார்.